காது குறைந்த குதிரை

ஆகஸ்ட் 12, சனி

குதிரை வந்து இறங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு மினி லாரி வாசலில் நின்றது. அந்தியூர்ச் சந்தையிலிருந்து மலையேறி வந்த களைப்பு அதன் ஒட்டிய வயிற்றிலேயே தெரிந்தது. பழுப்பு நிறப் பெண் குதிரை. ஏழு வயது என்று விற்றவன் சொன்னானாம். பின்னே, பதினேழு என்றா சொல்வான்?

என் வீட்டுக்காரர் சவரிமுத்து லாரியிலிருந்து இறங்கி, நான் வாயைத் திறக்கும் முன்பே, "கால் சுத்தம், பல் சுத்தம், சுழி சுத்தம்" என்றார். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ஐந்து வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி கையில் புரளும். தையல் எங்கே விட்டிருக்கிறது, கறை எங்கே, ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போடுவதுதான் வேலை. போன வருஷம் வேலையை விட்டு வந்தபோது அதில் ஒரு சுருள் என் பையோடு வந்துவிட்டது. மனசுக்குப் பிடிபடாத விஷயம் எதுவானாலும் இந்த டைரியில் அதற்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டிவைக்கிறேன். இன்று மட்டும் மூன்று ஒட்டியாயிற்று.

இடது காதில் ஒரு துண்டு இல்லை. கத்தரியால் வெட்டின மாதிரி அரைவட்டம். "முள்ளுக்கம்பில மாட்டியிருக்கும்" என்கிறார். முள்ளுக்கம்பி இவ்வளவு அழகாகவா வெட்டும்? விற்றவன் பெயர் கேட்டேன். மறந்துவிட்டதாம். ரசீது கேட்டேன். சந்தையில் யார் ரசீது தருவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

கொட்டகை எங்கே என்று யாரும் காட்டவில்லை. குதிரை தானாகவே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றுகொண்டது. புத்தியுள்ள ஜீவன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து குதிரையின் காலைத் தடவிப் பார்த்தேன். முன்னங்கால் இடதில், முழங்காலுக்குக் கீழே, பின்பக்க நரம்பில் கெட்டியாக ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. அழுத்தினதும் காலை இழுத்துக்கொண்டது.

அவரிடம் சொன்னேன். வந்து பார்க்கக்கூட இல்லை. "எல்லாக் குதிரைக்கும் இடது முன்னங்கால்ல அப்படித்தான் இருக்கும்" என்று அடுப்படியில் நின்றபடியே சொன்னார். எந்தக் கால் என்று நான் சொல்லாமலே எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றாமல் போய்விட்டது. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. ஒரு ஸ்டிக்கர்.

எனக்கு ஏன் இவ்வளவு பதைப்பு என்றால், இது பிள்ளைகளை ஏற்றுகிற மிருகம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வரும் சவாரிக்கு முக்கால்வாசி குழந்தைகள்தான் ஏறுகிறார்கள். போன சீசனில் ஒருவர் குதிரை சறுக்கி, நாமக்கல் பிள்ளை ஒன்றுக்குக் கை முறிந்தது. நான் ஏரிக்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறவள். அந்தப் பிள்ளை விழுந்தது என் அடுப்புக்குப் பத்தடி தள்ளி. அந்த அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு குதிரைக்காரர் சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். டாக்டர் சான்றும் இன்சூரன்சும் இல்லாத குதிரை கரையில் நிற்கக் கூடாது.

நாலு வருஷமாக அவர் மொக்கராசுவின் குதிரையை நடத்திக் கூலி வாங்குகிறார். எங்களுக்கென்று முன்பு ஒன்று இருந்தது. ரோசி. மகளிர் குழுக் கடனில் என் பெயரில் வாங்கியது. நான் திருப்பூரில் இருந்தபோது வந்து, எட்டு மாசத்தில், நான் அங்கே இருந்தபோதே செத்துவிட்டது. நான் கண்ணால் பார்த்ததில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

சலேத் மாதா திருவிழா. கூட்டம் தாங்கவில்லை. நூற்றிருபது கதிர் போயிற்று. புதுக் குதிரையை இன்று கரைக்குக் கொண்டுவரலாமே, சங்கத்தில் கெஞ்சிக் கேட்டால் விடுவார்கள் என்று அவரே நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்று வேண்டாம் என்றுவிட்டார். பழகட்டுமாம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

குளியலறைக் கூரை இடுக்கில் தலைமுடிக்கு அடிக்கும் மை பாக்கெட் காலியாக ஆறு கிடந்தது. பழுப்பு நிறம். பல்துலக்கும் பிரஷ் ஒன்று, மயிரெல்லாம் மையாக.

ஐம்பத்திரண்டு வயசில் யாருக்குக் காட்ட இந்த அலங்காரம்? சாப்பிட உட்கார்ந்தபோது தலையை நன்றாகப் பார்த்தேன். பஞ்சாக வெளுத்துத்தான் இருக்கிறது. அப்படியானால் அடித்து முடிக்கவில்லை, இனிமேல்தான் அடிக்கப் போகிறாரா? ஆறு பாக்கெட்டும் காலி. கேட்கவில்லை. எவ்வளவு தூரம் போகிறது பார்ப்போம்.

ஆகஸ்ட் 24, வியாழன்

குதிரைக்கு அவர் தொட்டால்தான் தீனி இறங்குகிறது. நான் வைத்த கொள்ளை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. பன்னிரண்டு நாளில் இவ்வளவு ஒட்டா?

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தேன். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார். காலாண்டு லீவு தொடங்கினால் கரையில் நிற்க இடம் கிடைக்காது, இப்போதே போடணும் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மனுஷனுக்கு இன்சூரன்ஸ் என்றால் ஏன் இப்படி வேர்க்கிறது?

என் கணக்கு இதுதான்: அந்தியூரில் எவனோ ஒரு தரகன் நொண்டிக் குதிரையை இவர் தலையில் கட்டிவிட்டான். ஏமாந்ததை என்னிடம் ஒத்துக்கொள்ள வெட்கம். அந்தத் தரகன் யாரென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

செப்டம்பர் 2, சனி

அவருக்குக் காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். நல்ல சமயம் என்று நானே குதிரையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். சும்மா ஒரு நடை, ஆள் ஏற்றாமல்.

சமதரையில் நன்றாகவே நடக்கிறது. பழைய பம்பு ரூம் தாண்டி, மூன்றாவது தைல மரம் வந்தது. அங்கே நின்றது. நான் கயிற்றைச் சுண்டினேன். அசையவில்லை. பிறகு, யாரும் சொல்லாமல், வட்டமாகத் திரும்பி வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டது.

எதிரே வந்த மொக்கராசு பார்த்துவிட்டுச் சிரித்தான். "மதினி, அது சரியாத்தான் திரும்புது. பாதியில திரும்புற குட்டை சவாரிக்கு அதான எல்லை. நம்ம கரைக் குதிரை எல்லாம் கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த மரத்துல திரும்பிரும்." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டான். குதிரையின் முகத்தையே பார்த்தான். "அண்ணன் இத எங்க வாங்குனாக?" என்றான். அந்தியூர் என்றேன். தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

அந்தியூர்க் குதிரைக்குக் கொடைக்கானல் தைல மரம் எப்படித் தெரியும்?

இந்தக் கரையில் நின்ற குதிரைதான் இது. இங்கே இருக்கிற எவனோ அடிபட்ட குதிரையைக் கீழே தள்ளிவிட்டு, அது சுற்றிச் சுற்றி எங்கள் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறது. மொக்கராசு ஏன் பாதியில் வாயை மூடினான்? அவன் பெயருக்கு எதிரே இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

அவருக்குத் தெரியாமல் கால்நடை டாக்டரம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். தேன்மொழி என்று பெயர். போன வருஷம்தான் இந்த ஊருக்கு வந்தவர். என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்த நேரம்.

டாக்டரம்மா குதிரையின் காலைப் பத்து நிமிஷம் பார்த்தார். நடக்கவிட்டார், திருப்பினார், குளம்பைத் தட்டினார். பழைய நரம்புக் கிழிசலாம். ஆறி இறுகியிருக்கிறதாம். வெறுமனே நடந்தால் ஒன்றும் செய்யாது, பாரம் ஏற்றிச் சரிவில் இறக்கினால் என்றைக்கு வேண்டுமானாலும் மடங்கிவிடும் என்றார். வயசு ஏழு இல்லை, பன்னிரண்டுக்கு மேல்.

பிறகு காதைப் பிடித்துப் பார்த்தார். முள்ளுக்கம்பிக் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"இது கம்பி கிழிச்சது இல்லம்மா. இன்சூரன்ஸ் போட்டா காதுல நம்பர் போட்ட வில்லை ஒண்ணு குத்துவோம். செத்துப்போனா அந்த வில்லைய, காதுத் துண்டோட வெட்டிக் கம்பெனிக்குக் குடுக்கணும். இல்லன்னா பணம் வராது."

"இது சாகலையே டாக்டர்?"

"அதான் நானும் பாக்குறேன். யாரோ ஒருத்தர் கணக்குல இது செத்துப்போச்சு."

இந்தக் காலுக்குச் சவாரிச் சான்று தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. உயிரோடு நிற்கிற ஜீவனின் காதை அறுத்துப் பணம் வாங்கியிருக்கிறான் ஒருவன். வாங்கிய பணத்தில் சோறு தின்றிருப்பான், பிள்ளைக்குத் துணி எடுத்திருப்பான். கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

செப்டம்பர் 6, புதன்

டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். கால் விஷயத்தைச் சொன்னபோது டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். காது விஷயத்தைச் சொன்னபோது கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். ஆறின டீயைக் குடிக்கவே இல்லை.

தரகன் மேல் போலீசில் எழுதிக் கொடுப்போம் என்றேன். "விடு அமலா. போனது போகட்டும்" என்றார். எப்படி விடுவது? ஏமாந்தது நாம்தானே?

செப்டம்பர் 10, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

மத்தியானம் ஏரியில் நல்ல கூட்டம். கதிரைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறேன், பஸ் ஸ்டாண்டு சரிவில் அவர் நம் குதிரையை நடத்திக்கொண்டு வருகிறார். மேலே மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் குழந்தை. ஐந்து வயசு இருக்கும். அப்பன்காரன் பக்கத்தில் போன் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே வருகிறான்.

எழுந்து ஓடினேன். நான் போய்ச் சேரும் முன்பே சரிவின் பாதியில் முன்னங்கால் மடங்கிவிட்டது. குதிரை விழவில்லை. மண்டியிட்ட மாதிரி ஆகி, எப்படியோ ஊன்றி எழுந்துவிட்டது. குழந்தை முன்னால் சரிந்ததை அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அதற்கு ஒன்றும் புரியவில்லை, இன்னொரு தடவை என்று கேட்டுச் சிரிக்கிறது.

அத்தனை பேருக்கு நடுவில் அவரை நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. அவர் குழந்தையை இறக்கி அப்பன் கையில் கொடுத்தார். குதிரையின் காலைக் குனிந்து தடவினார்.

வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு சவாரி போனால் தீனிச் செலவுக்காவது ஆகுமே என்று பார்த்தேன் என்றார். இனிமேல் அதன் முதுகில் ஒரு பூனை ஏறினால்கூட நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து அடைமழை. கொட்டகைக் கூரைத் தகரம் ஒன்று பறந்துவிட்டது. அவர் தகரம் வாங்கப் போனார். குதிரை நனைந்துகொண்டு நின்றது. சாக்குப் போடப் போனேன்.

நெற்றியிலிருந்து மூக்கு வழியாகப் பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. முதலில் ரத்தம் என்று பயந்துவிட்டேன். சேலைத் தலைப்பால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க உள்ளே வெள்ளை. வெற்றிலை அளவில், நெற்றி நடுவில். பின்னங்கால் இடது குளம்புக்கு மேலும் அதே மாதிரி கரைந்து வெள்ளை தெரிந்தது.

ஆறு பாக்கெட் மை.

உள்ளே வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். மகளிர் குழுக் கடன் காகிதங்களோடு, நாலு வருஷத்துக்கு முந்தின இன்சூரன்ஸ் படிவத்தின் நகல் இருந்தது. அதன் பின்னால் குத்தியிருந்த படத்தில் ஒரு குதிரை கண்மூடிப் படுத்திருக்கிறது. நெற்றியில் வெற்றிலை அளவு வெள்ளை. பின்னங்கால் இடது வெள்ளை. இடது காது முழுசாக, அதில் வில்லை.

இறந்த விலங்கு: பெண் குதிரை. பெயர்: ரோசி. உரிமையாளர்: ச. அமலோற்பவம்.

அது நான்.

செப்டம்பர் 13, புதன்

நேற்று மாலையே கேட்டுவிட்டேன். அவர் நனைந்த தகரத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். தகரத்தைச் சுவரில் சாத்திவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

ஆடி மழையில் சரிவில் சறுக்கி நரம்பு கிழிந்ததாம். இனிமேல் சவாரிக்கு ஆகாது என்று ஆகிவிட்டது. காலில் காயம் என்றால் ஒரு பைசா வராது, செத்தால்தான் வரும். கீழேயிருந்து ஒரு டாக்டர் வந்து, மயக்க ஊசி போட்டுப் படம் எடுத்து, காதை வெட்டி, காகிதம் எழுதிக் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொண்டு போனாராம். அந்த ஆள் இப்போது எங்கே என்று தெரியாது. ரோசியைச் செங்கல் சூளைக்காரன் ஒருவனுக்கு வண்டி இழுக்க விற்றிருக்கிறார். வந்த பணத்தில்தான் எங்கள் மகள் ஜெசிந்தாவின் நர்சிங் படிப்புக்கு முதல் வருஷப் பீஸ் கட்டினோம். இது எனக்குத் தெரிந்த பகுதி.

அந்தியூருக்கு நல்ல குதிரை வாங்கத்தான் போனாராம். சத்தியமாக என்றார்.

"நூறு குதிரை நிக்குது அமலா. நான் பாக்காமத்தான் தாண்டிப் போனேன். அது கயித்த இழுத்துக்கிட்டு வந்து என் சட்டையப் புடிச்சுக்கிச்சு. கறிக்குப் போற லாட்டுல நின்னுச்சு. எப்படி விட்டுட்டு வருவேன்?"

மையைச் சந்தையிலேயே வாங்கி அடித்துவிட்டாராம், வெளுக்க வெளுக்க வீட்டிலும் அடித்தாராம். கரையில் யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று. மொக்கராசு கண்டுகொண்டு, அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பேசாமல் இருந்திருக்கிறான். அவன் பெயருக்கு எதிரே ஒட்டின இரண்டையும் உரித்தேன். பேப்பரும் சேர்ந்து கிழிந்துவிட்டது.

என்னைத் திருட்டுக்காரி ஆக்கிவிட்டாரே என்று கத்தினேன். என் பெயரில், என் கையெழுத்தில் இப்படிச் செய்யலாமா, ஒரு வார்த்தை சொன்னாரா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை.

"உனக்குத் தெரியாமலா போட்ட?" என்றார்.

செப்டம்பர் 14, வியாழன்

கடை போடவில்லை.

செப்டம்பர் 16, சனி

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்?

நாலு வருஷத்துக்கு முந்தின அந்த ஆகஸ்ட்டில் அவர் திருப்பூருக்கு வந்தது நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு லீவு, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹாஸ்டல் வாசல் டீக்கடையில் வைத்துப் படிவத்தை நீட்டினார். ரோசி செத்துப்போச்சு, கையெழுத்துப் போடு என்றார். இறந்த தேதி என்ற இடம் காலியாக இருந்தது.

ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி பார்க்கிற கண் இது. காலியிடம் தெரியாமல் இருக்குமா? செத்தது என்றைக்கு என்று ஏன் எழுதவில்லை என்று கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். குதிரை செத்தவன் முகமாக இல்லை. ஜெசிந்தாவுக்கு இடம் கிடைத்திருந்தது. தீபாவளிக்குள் பீஸ் கட்டாவிட்டால் இடம் போய்விடும். பேனாவை வாங்கிப் போட்டேன். டீயைக் குடித்துவிட்டு, மழையா ஊரில் என்று கேட்டேன்.

நகலில் இப்போது பார்த்தால் இறந்த தேதி ஏழு என்று இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு மூன்று நாள் கழித்துச் செத்திருக்கிறது.

ஒரு மாசமாகத் தரகன் என்கிறேன், மொக்கராசு என்கிறேன், கையில் கிடைத்தால் விடமாட்டேன் என்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 19, செவ்வாய்

சங்கத்திலிருந்து இன்சூரன்ஸ் ஏஜெண்டை அனுப்பியிருந்தார்கள். சின்ன வயசு, மரியாதையான ஆள். கொட்டகையில் நின்றே படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். குதிரையின் நெற்றியில் என் வீட்டுக்காரர் மறுபடி மை அடித்திருந்தார்.

இதற்கு முன் காயம் ஏதாவது உண்டா என்று ஏஜெண்ட் கேட்டார். இதற்கு முன் இன்சூரன்ஸ் போட்டதுண்டா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வில்லையை வலது காதில் குத்திவிட்டுப் போய்விடுவார். சான்றுக்கு வேறு டாக்டர் யாரையாவது பிடித்துக்கொண்டு லீவுக்குக் கரையில் நிற்கலாம். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் எத்தனையோ வரும்.

"இதுக்குப் போட முடியாதுங்க தம்பி. இது உங்க கம்பெனியில ஏற்கெனவே செத்த குதிரை" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. தான் எதையும் காதில் வாங்கவில்லை, திண்டுக்கல் ஆபீசுக்கு நேரில் வந்து எழுதிக் கொடுப்பதானால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போனார்.

செப்டம்பர் 21, வியாழன்

ஜெசிந்தாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் பீஸாம்மா அது?" என்றாள்.

ஆமாம் என்றேன். அழுதாள். அப்பாவைத் திட்டாதே என்றாள். கேஸ் போடுவார்களா, தான் வேலைக்குச் சேர்வதில் சிக்கல் வருமா என்று அவள் கேட்கவில்லை. பணத்தைத் தவணையில் கட்டலாம், மறுபடி திருப்பூருக்குச் செக்கிங்குக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 24, ஞாயிறு

நாளை திண்டுக்கல். அவரும் வருகிறேன் என்கிறார். நான் கூப்பிடவில்லை, தானாகச் சொன்னார். சலவைச் சட்டையை எடுத்து மாட்டிவைத்திருக்கிறார்.

ஓடையில் சோப்புப் போட்டு ரோசியைக் குளிப்பாட்டினோம். நான் தண்ணீர் ஊற்ற, அவர் தேய்த்தார். பழுப்பெல்லாம் ஓடைத் தண்ணீரோடு போய்விட்டது. கொட்டகைக்குப் போகும்போது பின்னாலிருந்து "ரோசி" என்று முதல் தடவையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். நின்று, அந்தக் குறைக் காதைத்தான் என் பக்கம் திருப்பிற்று. கொள்ளு வைத்தேன். தின்றது.

படிவ நகலைப் பையில் வைக்கும் முன் ஒரு தடவை முழுசாகப் பார்த்தேன். சுருளில் கடைசியாக ஒரே ஒரு ஸ்டிக்கர் மிச்சமிருந்தது. எங்கே ஒட்ட வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. என் கையெழுத்துக்கு நேராக, அம்பு நுனி படும்படி ஒட்டினேன்.

ஆறரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவருக்குக் கொடுக்க வேண்டும். மலை இறங்கும்போது அவருக்குக் குமட்டும்.